கடலில் கேட்குமா?

நம் வீட்டு மாடிப்படிகளில் ஏழாவது படிக்கு ஒரு தனி மதிப்பு உண்டு. பாட்டனார் காலத்தில் வெட்டுகல்லால் கட்டிய வீடு அது. சுவரின் கனம் ஒரு முழத்துக்கும் மேல். கீழே கூடத்தில் கைபேசி வெறும் கடிகாரம். மொட்டை மாடிக்கு ஏறினால் பேசலாம். ஆனால் கடற்காற்று நம் பேச்சில் பாதியை அள்ளிக்கொண்டு போய்விடும். இரண்டுக்கும் நடுவே, படிக்கட்டு வளைகின்ற இடத்தில், வடக்கு நோக்கி ஒரு சிறு சாளரம் இருக்கிறது. அதனருகே ஏழாவது படியில் வலப்புறம் சாய்ந்து அமர்ந்தால் கைபேசியில் மூன்று கோடுகள் தெரியும். எழுந்து நின்றால் ஒன்றாகிவிடும். பேத்தி பிறந்த செய்தி நமக்கு வந்தது அந்தப் படியில். அக்காள் மறைந்த செய்தி வந்ததும் அதே படியில்தான். வீட்டுக்கு வருகிறவர்கள் வாசலில் நின்றபடியே, "சார் வீட்டிலா, படியிலா?" என்று கேட்கும் அளவுக்கு அது ஊரறிந்த இடமாகிவிட்டது.

அந்தப் படியைப் பற்றிக் குறை சொல்வதற்காக நாம் இதை எழுதவில்லை. அப்படி ஒரு படி நமக்கு வேண்டியிருப்பதற்கு ஒருவகையில் நாமே காரணம்.

2006ஆம் ஆண்டு தவக்காலத்தில், கைபேசி நிறுவனம் ஒன்றின் ஆட்கள் நம் பங்குத்தந்தையைக் காண வந்தனர். கல்லறைத் தோட்டத்தின் மேற்கு ஓரம் சும்மா கிடந்த நிலத்தில் கோபுரம் ஒன்று நாட்ட இடம் கேட்டனர். மாத வாடகை தருவதாகவும் சொன்னார்கள். பள்ளிக்கூடத்தின் ஓடு மாற்றப் பணமின்றித் தவித்துக்கொண்டிருந்த காலம் அது. பங்குப் பேரவை கூடியது. நாம் அப்போது பேரவைச் செயலர். உயர்நிலைப் பள்ளித் தமிழாசிரியரும்கூட. பேச்சு என்றால் நமக்குச் சொல்லவா வேண்டும்? எழுந்து நாற்பது நிமிடம் பேசினோம். பள்ளிப் பிள்ளைகளின் தலைமேல் கதிர்வீச்சு பொழியும் என்றோம். சிட்டுக்குருவிகள் மறைந்துவிடும் என்றோம். இறந்தோர் துயிலும் இடத்தை வணிகத்துக்கு விடலாமா என்று கேட்டோம். அவை அனைத்தும் அன்று நாம் மெய்யாகவே நம்பியவை. ஆயினும் சொல்லாமல் விட்ட காரணம் ஒன்று இருந்தது: அந்தக் கம்பிக் கூடு நம் ஆலயத்தின் மணிக்கூண்டைவிட உயரமாக நிற்கும் என்பது. கடலிலிருந்து திரும்புகிறவன் கண்ணில் முதலில் படுவது ஆலய உச்சியின் சிலுவை விளக்காக இருக்க வேண்டும் என்று நமக்கு ஒரு பிடிவாதம்.

கூட்டம் முடியும் நேரத்தில் பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். வள்ளத்தில் தொழிலுக்குப் போகிறவர். நம்மைவிடப் பத்து வயது மூத்தவர். பேரவையில் அதுவரை வாய் திறந்தவரல்லர். "சாரே, டவர் வந்தா கடல்ல கேக்குமா?" என்றார்.

"அண்ணே, இது கரையில் இருக்கிற பிள்ளைகளைப் பற்றிய பேச்சு. கடலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றோம். சிலர் சிரித்தனர். அவர் அமர்ந்துவிட்டார். வாக்கெடுப்பில் நம் பக்கம் வென்றது. கோபுரம் மூன்று கிலோமீட்டர் உள்ளே, பாறைக் குன்றுக்கு அப்பால் உள்ள ஊருக்குப் போயிற்று. நம் ஊருக்கு ஏழாவது படி மிஞ்சியது.

உண்மையில் அவருடைய கேள்விக்கு விடை நமக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல ஆசிரியனுக்கு நா எழவில்லை.

அந்த விடையை நாம் கற்றது மிகவும் பிந்தித்தான். அக்காளின் மகன் சென்னையில் ஒரு கைபேசி நிறுவனத்தில் பொறியாளன். எந்தக் கோபுரம் எந்தத் திசையில் எந்த அலையை எவ்வளவு வலுவுடன் பரப்ப வேண்டும் என்று கணக்கிடுவது அவன் வேலை. சென்ற ஆண்டு ஊர்த் திருவிழாவுக்கு வந்திருந்தான். ஒன்பதாம் திருநாள் இரவு தேர் புறப்பட்ட நேரத்தில் கூட்டத்துக்குள் மனைவியைத் தவறவிட்டு, கைபேசியில் அழைத்து அழைத்துச் சலித்துப்போய் வீட்டுக்கு வந்தோம்.

"கோடெல்லாம் நிறைய இருக்கிறது மக்களே, அழைப்பு மட்டும் போகவில்லை. இது என்ன மாயம்?" என்று அவனிடம் கேட்டோம்.

அவன் சிரித்தான். "மாமா, உங்க படியில கோடு இல்ல, அதனால பேச முடியாது. தேரடியில கோடு இருக்கு. ஆனா பேச இடம் இல்ல. ரெண்டும் வேற வேற நோய்."

அந்த இரவு ஏழாவது படியிலும் அதற்குக் கீழ்ப்படியிலுமாக அமர்ந்து அவன் சொன்னவற்றை இங்கே எழுதுகிறோம். நமக்கு இயற்பியல் பள்ளியோடு விட்டுப்போயிற்று. ஆதலால் அவன் நம் ஆலய மணிகளிலிருந்து தொடங்கினான்.

மணிக்கூண்டில் மூன்று மணிகள் உண்டு. பெரிய மணியின் குரல் தாழ்ந்தது. காற்று ஒத்துழைத்தால் கடலில் வெகு தூரம் கேட்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். பீடச்சிறுவர் கையில் ஆட்டும் சிறு மணிகளின் குரல் உயர்ந்தது; வாசலைத் தாண்டினால் தேய்ந்துவிடும். தாழ்ந்த ஒலி தடைகளை வளைந்து கடக்கும்; காற்று அதைக் குறைவாகவே விழுங்கும். வானொலி அலைகளும் ஏறத்தாழ அப்படித்தான். நொடிக்கு எத்தனை அதிர்வு என்பதே அலைகளுக்குக் குலமும் கோத்திரமும். நொடிக்குப் பத்து லட்சம் அதிர்வு ஒரு மெகாஹெர்ட்ஸ். நம் நாட்டுக் கைபேசிகள் 700, 800, 900, 1800, 2100, 2300, 2500, 3300 மெகாஹெர்ட்ஸ் என்று பல பட்டைகளில் பேசுகின்றன. இவற்றுக்கெல்லாம் மேலே 26,000 மெகாஹெர்ட்ஸில் ஒரு பட்டையும் உண்டு. 700இல் ஓர் அலையின் நீளம் 43 சென்டிமீட்டர். ஏறத்தாழ ஒரு முழம். 900இல் 33 சென்டிமீட்டர். 3300இல் 9 சென்டிமீட்டர், உள்ளங்கை அகலம். 26,000இல் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றே மேல். அங்கே ஒரு வேப்பமரக் கிளை குறுக்கே வந்தாலும் தடைதான்.

அதிர்வு இரு மடங்கானால், அதே வகை அலைவாங்கி அதே தொலைவில் பிடிக்கும் ஆற்றல் நான்கில் ஒரு பங்காகிவிடும் என்றான். அதற்குமேல் சுவர் விழுங்குவது வேறு. நம் பாட்டனாரின் வெட்டுகல்லை 900 தட்டுத்தடுமாறிக் கடக்கிறது. 2300 வாசலிலேயே நின்றுவிடுகிறது. கள்வனுக்கு அஞ்சிக் கட்டிய சுவர் பேத்தியின் குரலையும் தடுக்கும் என்று அந்தப் பெரியவர் கண்டாரா என்ன?

அப்படியானால் எல்லாக் கோபுரங்களிலும் தாழ்ந்த அலையையே வைத்துவிடலாமே என்று கேட்டோம். கேள்வி நியாயமானது, விடைதான் தேரடியில் இருந்தது. தாழ்ந்த பட்டைகள் எட்டிப் பாய்பவை, ஆனால் ஒடுக்கமானவை. 900 பட்டையில் கைபேசியிலிருந்து கோபுரத்துக்கு 890 முதல் 915 வரை 25 மெகாஹெர்ட்ஸ், கோபுரத்திலிருந்து கைபேசிக்கு 935 முதல் 960 வரை மற்றொரு 25. அவ்வளவுதான் வயல். அதையும் பல நிறுவனங்கள் வரப்பு வைத்துப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். இரண்டாம் தலைமுறைக் கைபேசிகளின் காலத்தில் அந்த வயலை 200 கிலோஹெர்ட்ஸ் கீற்றுகளாக வெட்டி, ஒவ்வொரு கீற்றிலும் எட்டுப் பேரை நொடியின் சிறுதுண்டுகளில் மாறிமாறிப் பேச வைத்தனர். 3300 பட்டையிலோ ஒரே நிறுவனம் 100 மெகாஹெர்ட்ஸைத் தொடர்ச்சியாக வைத்துக்கொள்ள முடிகிறது. ஒரு வழியில் எவ்வளவு செய்தி போகும் என்பது அதன் அகலத்தையும், இரைச்சலுக்கு மேல் குரல் எவ்வளவு ஓங்கி நிற்கிறது என்பதையும் பொறுத்தது என்று 1948இல் கிளாட் ஷானன் என்னும் அமெரிக்க அறிஞர் கணக்காகவே நிறுவிவிட்டார். குரல் ஓங்கினால் ஆதாயம் கொஞ்சம்தான். அகலம் கூடினால் ஆதாயம் நேராகக் கூடும்.

இன்னொன்றும் உண்டு. ஓர் அலை வெகு தூரம் பாய்கிறது என்றால், அவ்வளவு தூரத்துக்கும் வேறெவரும் அதே அலையைப் பயன்படுத்த முடியாது. குட்டையாகப் பாயும் அலையை அடுத்த தெருவுக்கு அடுத்த தெருவில் மீண்டும் பயன்படுத்தலாம். பரப்பைச் சிறு கண்ணறைகளாகப் பிரித்து ஒரே அலையைத் திரும்பத் திரும்ப ஆள்வது அமெரிக்க ஆய்வுக்கூடம் ஒன்றில் 1947இலேயே குறிப்பாக எழுதிவைக்கப்பட்ட யோசனை. நாம் செல்போன் என்கிறோமே, அந்தச் செல் என்ற சொல் இந்தக் கண்ணறையைத்தான் குறிக்கிறது. மீன்வலைக் கண்போல என்று மருமகன் சொன்னான். நெத்திலிக்குச் சிறுகண், சூரைக்குப் பெருங்கண்.

ஆக, எட்டுவதற்குத் தாழ்ந்த அலை. கொள்வதற்கு உயர்ந்த அலை. கோபுரத்தருகே இருக்கிறவனை உயர்ந்த பட்டைக்கு மெல்ல நகர்த்திவிட்டு, தாழ்ந்த பட்டையை ஓரத்தில் இருக்கிறவனுக்கும் சுவருக்குள் இருக்கிறவனுக்கும் ஒதுக்கிவைப்பதே தன் தொழிலின் பாதி வேலை என்றான். அருகில் இருக்கிறவன் ஏன் நகர வேண்டும், அவன் தானே முதலில் வந்தவன் என்று வேண்டுமென்றே கேட்டோம். "அவனுக்கு ரெண்டு வழி இருக்கு மாமா. ஓரத்தில இருக்கிறவனுக்கு ஒரு வழிதான்" என்றான். மறையுரையில் கேட்க வேண்டிய சொல்லைப் படிக்கட்டில் கேட்டோம்.

இதையொட்டி அவன் சொன்ன இன்னொரு சேதி நம் மனத்தை விட்டு அகலவில்லை. மேலே சொன்ன 900 பட்டையின் எண்களைப் பாருங்கள். தாழ்ந்த பாதி கைபேசிக்கு. உயர்ந்த பாதி கோபுரத்துக்கு. 1800 பட்டையிலும் அப்படியே, 700இலும் அப்படியே. காரணம் எளியது. கோபுரத்துக்கு மின்சாரம் உண்டு, பெரிய அலைபரப்பி உண்டு. கைபேசிக்கு இருப்பது ஒரு சிறு மின்கலம். நாலாம் தலைமுறைக் கைபேசியின் பேச்சாற்றல் ஐந்தில் ஒரு வாட். ஆகவே சற்றே இலகுவாகச் செல்லும் பாதி எளியவனுக்கு விடப்பட்டது. எந்தக் குழுவோ எந்த நாட்டிலோ அமர்ந்து இதை வகுத்திருக்கிறது. பேரவைகளில் எப்போதாவது இப்படியும் நடக்கிறது.

சந்தையிலும் இந்த வேற்றுமை தெரியாமற்போகவில்லை. 1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து முதல்வர் ஜோதி பாசு தில்லியில் இருந்த மைய அமைச்சர் சுக்ராமை அழைத்ததே இந்நாட்டின் முதல் கைபேசி அழைப்பு. அதன்பின் பதினைந்து ஆண்டுகளில், 2010இல் மூன்றாம் தலைமுறைக்கான 2100 பட்டை 34 நாள் ஏலம் போய் 67,719 கோடி ரூபாய் ஈட்டியது. 700 பட்டையின் கதை வேறு. பல நாடுகளில் தொலைக்காட்சியிடமிருந்து மீட்கப்பட்ட பட்டை அது. சுவர் கடப்பதிலும் தொலைவு எட்டுவதிலும் நிகரற்றது. 2016இல் அரசு அதற்கு மெகாஹெர்ட்ஸ் ஒன்றுக்கு 11,485 கோடி ரூபாய் அடிப்படை விலை வைத்தது. ஒருவரும் கேட்கவில்லை. 2021இல் விலையைக் குறைத்தும் கேட்கவில்லை. 2022இல் 3,927 கோடியாக இறங்கிய பிறகு ஒரு நிறுவனம் 22 வட்டங்களிலும் அதை வாங்கியது. அதே ஏலத்தில் 3300 பட்டையின் மெகாஹெர்ட்ஸ் 317 கோடி. 26,000 பட்டையினது ஏறத்தாழ 7 கோடி. எட்டும் அலைக்கு ஏறத்தாழ நாலாயிரம், எட்டாத அலைக்கு ஏழு. ஆறு ஆண்டுகள் அந்த அலை யாருக்கும் பயன்படாமல் வானத்தில் சும்மா கிடந்தது என்பது நமக்கு ஆறவில்லை. அடிப்படை விலை வைத்தவர்களைக் குறைசொல்ல நாம் யார்? நாமும் ஓர் ஓரத்து நிலத்தைச் சும்மா கிடக்க விட்டவர்கள்தாம்.

அந்த உயர்ந்த அலைகளின் வரலாற்றில் நம் வாசகர்கள் மகிழத்தக்க ஒரு செய்தி இருக்கிறது. ஐந்தாம் தலைமுறை என்று 2022 அக்டோபரில் விழா எடுத்தோமே, அதில் பேசப்படும் மில்லிமீட்டர் அலைகளை உலகில் முதன்முதலாக ஆண்டு காட்டியவர்களுள் ஒருவர் ஜகதீஷ் சந்திர போஸ். 1895இல் கல்கத்தாவில் மக்கள் முன்னிலையில், இடையே நின்ற சுவர்களைக் கடந்து அலைகளை அனுப்பித் தொலைவிலிருந்த மணியை ஒலிக்கச் செய்தார், வெடிமருந்தையும் பற்றவைத்தார். ஐந்து மில்லிமீட்டர் அளவுக்குக் குறுகிய அலைகளை உண்டாக்கும் கருவிகளைத் தம் கைப்பட வடித்தார். அவருக்குக் கல்லூரியில் இயற்பியல் ஆர்வத்தை ஊட்டியவர் தூய சவேரியார் கல்லூரியின் பெல்ஜியம் நாட்டு இயேசு சபைக் குரு லபோன் அடிகளார். அதே காலத்தில் மார்க்கோனி நீண்ட அலைகளின் பக்கம் போனார். 1901இல் அட்லாண்டிக்கைக் கடந்ததாக அவர் அறிவித்தது பல நூறு மீட்டர் நீள அலை என்பர். போஸின் சிற்றலைக்கு அன்று வேலை இருக்கவில்லை. கப்பல்களுக்கு வேண்டியது எட்டுதல். கொள்ளளவு அன்று யாருக்கும் பசியாக இருக்கவில்லை.

கதிர்வீச்சைப் பற்றியும் கேட்டோம். 2006இல் அவ்வளவு உறுதியாகப் பேசியவர்கள் கேட்காமல் இருக்கலாமா? இவ்வலைகளுக்கு அணுவை உடைக்கும் வலுவில்லை, சூடேற்றுவதே அவற்றால் ஆகும் என்றும், அந்தச் சூட்டுக்கு வைத்த பன்னாட்டு வரம்பையும் பத்தில் ஒன்றாக இந்தியா 2012 செப்டம்பரில் குறைத்துக்கொண்டது என்றும் சொன்னான். தேரடியில் சிட்டுக்குருவி இருக்கிறதா என்று அவனே திருப்பிக் கேட்டான். குருவி நம் ஊரில் இல்லை, கோபுரமும் இல்லை. ஓட்டுக்கூரைகள் போனபோது குருவிகளும் போய்விட்டன.

பிறகு நெடுநேரம் பேச்சின்றி அமர்ந்திருந்தோம். மனத்தில் இருந்ததைக் கேட்கப் பதினொரு ஆண்டுத் தயக்கமும் அதற்குமேல் சில ஆண்டுகளும் தடுத்தன. கடைசியில் கேட்டேவிட்டோம். 2006இல் அந்தக் கோபுரம் கல்லறைத் தோட்டத்து ஓரத்தில் நின்றிருந்தால், 2017 நவம்பர் 29 இரவு அது கடலில் கேட்டிருக்குமா?

ஒக்கிப் புயலைப் பற்றி இக்கரை வாசகர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. 30ஆம் நாள் காலையில் நம் மொட்டை மாடியில் பதினாறு பெண்கள் நின்றனர். ஊரில் அலை சற்றேனும் கிடைக்கும் உயரமான மாடி நம்முடையது என்பதால் வந்தவர்கள். காற்று அவர்களின் சேலைகளைப் பிடுங்கிற்று. ஒவ்வொருவரும் ஒரே எண்ணைத் திரும்பத் திரும்ப அழுத்தினர். ஒவ்வொரு கைபேசியும், அழைத்தவர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்ற ஒரே வாசகத்தை ஒரே இனிய குரலில் சொல்லிக்கொண்டிருந்தது. அந்தக் குரலை இன்றும் நம்மால் கேட்க முடிவதில்லை. நம் கைபேசியில் அது வந்தால் முடிக்க விடாமல் அணைத்துவிடுகிறோம். அன்று நின்ற பெண்களுள் ஒருத்தி, கடலில் கேட்குமா என்று கேட்டாரே, அவருடைய இளைய மருமகள். அந்த வள்ளத்தில் போனவர்கள் நால்வர். இருவரை மூன்றாம் நாள் ஒரு விசைப்படகு உயிரோடு மீட்டது. அவருடைய மகன் அந்த இருவரில் இல்லை.

மருமகன் கைபேசியை எடுத்துக் கணக்கிட்டான். விசைப்படகுகள் அறுபது கடல்மைலில் இருந்தன, மாமா. அது நூறு கிலோமீட்டருக்கு மேல். எந்தக் கோபுரமும் அங்கே எட்டாது என்றான். பூமி உருண்டை. நாற்பது மீட்டர் உயரக் கோபுரத்துக்கும் வள்ளத்தில் நிற்கிறவன் கையிலுள்ள கைபேசிக்கும் நடுவே முப்பது கிலோமீட்டர் சொச்சத்தில் கடலே முதுகை உயர்த்தி மறைத்துவிடும். இரண்டாம் தலைமுறை முறையில் வேறொரு வேலியும் உண்டு. அலை ஒளியின் வேகத்தில் சென்றாலும் வந்து சேர நேரமாகிறது. தூரத்தில் இருக்கிறவன் சற்று முந்திப் பேசத் தொடங்கினால்தான் அவனுக்குரிய நொடித்துண்டில் குரல் வந்து சேரும். எவ்வளவு முந்த வேண்டும் என்று கோபுரம் கைபேசிக்கு ஓர் எண் சொல்லும். அந்த எண் 63 வரைதான் போகும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 550 மீட்டர். 35 கிலோமீட்டரோடு முடிந்தது. அதற்கு அப்பால் இருக்கிறவன் குரல் நன்றாகக் கேட்டாலும் கோபுரம் ஏற்றுக்கொள்ளாது. நடைமுறையில் பதினைந்து கிலோமீட்டர் கிடைத்தால் பெரிது என்றான்.

"வள்ளம் எங்க நின்னுச்சு, யாராவது சொன்னாங்களா?"

சொன்னார்கள். பிழைத்து வந்தவர்களுள் ஒருவன் சொன்னது நமக்கு மனப்பாடம். நடுச்சாமத்தில் வலை விட்டபோது ஆலய உச்சியின் சிலுவை விளக்கு தெரிந்தது என்றான்.

மருமகன் கணக்கை நிறுத்திவிட்டான். விளக்கு தெரிந்தது என்றால் நடுவே தடையில்லை. விளக்கைக் கண்ட கண்ணுக்கு நேராக, அதன் அருகிலேயே நிற்கவேண்டியிருந்த கோபுரம். குன்றுக்கு அப்பால் நிற்கும் கோபுரத்துக்கு அந்தக் கடல் நிழல்.

"கேட்டிருக்கலாம் மாமா" என்றான். சற்றுப் பொறுத்து, "ஆனா நடுச்சாமத்தில கூப்பிட்டுச் சொல்ல யாருகிட்ட சேதி இருந்துச்சு?" என்றான்.

இருக்கவில்லை. புயலின் மெய்யான வலு நம் கரைக்குத் தெரிந்தபோது விடிந்துவிட்டது. அப்போது வள்ளம் எங்கே இருந்தது என்று எவரும் அறியார். அவன் நம்மைத் தேற்றுவதற்காக அப்படிச் சொன்னானா, கணக்கு அப்படி முடிந்ததால் சொன்னானா என்று நாம் கேட்கவில்லை. இரண்டு பாதிகளில் எந்தப் பாதியை எடுத்துக்கொள்வது என்று இரவு முழுவதும் புரண்டோம். காலைத் திருப்பலிக்குப் போகும்போதும் முடிவாகவில்லை.

ஒக்கிக்குப் பின் சில ஏற்பாடுகள் நடந்திருக்கின்றன. 2019 அக்டோபரில் மைய அரசு ஜெமினி என்ற சிறு கருவியை அறிமுகம் செய்தது. செயற்கைக்கோள் வழியாக வானிலை எச்சரிக்கையை ஆழ்கடலிலும் பெற்று மீனவரின் கைபேசிக்குக் கொடுக்கும். திருப்பிப் பேச இயலாது. வயர்லெஸ் கருவிகள் பெரிய படகுகளில் இருக்கின்றன. வள்ளத்தில் போகிறவன் கையில் இன்றும் இருப்பது கைபேசிதான். அதை நெகிழிப் பையில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு போகிறான்.

திருவிழா முடிந்து இரண்டு மாதத்தில் மீண்டும் இடம் கேட்டு ஆள் வந்தது. வேறொரு நிறுவனம், அதே கல்லறைத் தோட்டத்து ஓரம். பேரவையில் நாம் இப்போது வெறும் உறுப்பினர். எழுந்து, 2006இல் நாம் பேசியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம் என்றோம். இளைஞர்களுக்கு 2006இல் நாம் பேசியதே தெரியாது, விழித்தார்கள். கோபுரம் வரட்டும், ஆனால் ஒப்பந்தத்தில் இரண்டு வரி சேர்க்க வேண்டும் என்றோம். மருமகன் எழுதிக் கொடுத்த வரிகள் அவை. பொதுவாகக் கோபுரத்துக்கு மூன்று முகம்; மூன்றும் வீடுகள் இருக்கும் பக்கம் பார்க்கும்; கடலில் வாடிக்கையாளர் வசிப்பதில்லை என்பதால் கடற்பக்கம் பெரும்பாலும் முகம் இராது, இருந்தாலும் கீழே குனிந்திருக்கும். நம் கோபுரத்தின் ஒரு முகம் நேராகக் கடலைப் பார்க்க வேண்டும். அந்த முகத்தில் தாழ்ந்த பட்டை இருக்க வேண்டும். வாடகையில் அதற்காகக் குறைத்துக்கொள்ளலாம்.

பின்வரிசையில் அவர் இருந்தார். எண்பதைத் தாண்டிவிட்டார், இப்போது தொழிலுக்குப் போவதில்லை, வலை பொத்துகிறார். மெதுவாக எழுந்தார்.

"சாரே, கடல்ல கேக்குமா?"

"கேட்கும் அண்ணே. பதினைந்து கிலோமீட்டர் வரை கேட்கும். நாள் நன்றாயிருந்தால் இன்னும் கொஞ்சம். அதற்கு அப்பால் கேட்காது."

அவர் மனத்துக்குள் ஏதோ கணக்கிட்டார். எந்த இரவின் எந்தத் தொலைவை அளந்தார் என்று நமக்குத் தெரியும். "அது போதும்" என்று சொல்லி அமர்ந்தார்.

ஒப்பந்தப் படிவம் இரண்டு வரிகளோடு நிறுவனத்துக்குப் போய் ஐந்து மாதம் ஆகிறது. ஞாயிறுதோறும் திருப்பலி முடிந்ததும் ஆலயப் படியில் அவர் நமக்காகக் காத்திருக்கிறார்.

"கடுதாசி வந்துதா சாரே?"

"இன்னும் இல்லை அண்ணே."